‘தெரியாது’ சொல்லிக்கொடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனி, ஞாயிறு பின்னேரங்களில் தமிழ் படிக்க ஆட்கள் வருவார்கள். அநேகமானோர் திருமலைக்கு, அதாவது திருகோணமலைக்கு, வேலைக்கு வந்த சிங்களவர்கள்: தாதிமார், எழுதுவினைஞர்கள், வங்கியில் இருப்பவர்கள். ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் எங்கள் சொந்தப் பிள்ளைகளும் வந்து குந்திவிடுவார்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒரே சொல்லில் தடக்கி விழுவதைப் பல வருடமாகப் பார்க்கிறேன். அந்தச் சொல் ‘தெரியாது.’

தமிழே பேசி வளர்ந்த நமக்கு இதில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒற்றை வரியில் ‘சிங்களத்தில் மம தன்னே நே என்றால் தெரியாது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவோம். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். பிறகு வரும் சிக்கல்களில் பாதி அந்த ஒற்றை வரியால் வந்தவை. கந்தோரில் (அலுவலகத்தில்) பக்கத்து மேசைக்காரருக்கோ, லீவில் வந்த பேரப்பிள்ளைக்கோ தமிழ் சொல்லிக்கொடுக்க உட்காருபவருக்காக இதை எழுதுகிறேன். படிகளின் ஒழுங்கை மாற்றாதீர்கள். மாற்றினால் என்ன ஆகும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

1. தொடங்குமுன் கைவசம் இருக்கவேண்டியவை

முதலாவது, படிப்பவருக்கு ‘எனக்கு, உங்களுக்கு, அவருக்கு’ தடங்கலில்லாமல் வாயில் வரவேண்டும். வராவிட்டால் ‘தெரியாது’வை ஒரு கிழமை தள்ளிப்போடுங்கள். அந்தக் கிழமை முழுக்க ‘எனக்குப் பசிக்குது, எனக்குத் தண்ணி வேணும், எனக்கு மீன் பிடிக்கும்’ என்று ஓடட்டும். சிங்களத்திலும் பசிக்கு ‘மட்ட படகினி’ என்றே சொல்வதால் அவர்களுக்கு இது புதிதாக இராது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வேறு எதுவும் வராவிட்டாலும் ‘எனக்குப் பசிக்குது’ மட்டும் வரும், அம்மாமார் புண்ணியத்தில்.

இரண்டாவது, கொஞ்சம் தூரம் பார்க்கக்கூடிய ஓர் இடம். மாடி ஜன்னல் போதும், கடற்கரை என்றால் இன்னும் நல்லது. மூன்றாவது, மை போன ஒரு போட்டோக் கொப்பி. எந்தக் கந்தோரிலும் கிடைக்கும்.

நான்காவது ஒரு முடிவு: எழுத்துத் தமிழா, பேச்சா? வாய் பேச்சைப் பழகட்டும், கண் எழுத்தைப் பழகட்டும் என்பது என் வழி. திருமலையில் ‘தெரியாது’ என்று முழுசாகச் சொல்பவர் குறைவு. கடைசித் ‘து’ விழுந்து ‘தெரியா’ என்றே காதில் விழும். ‘தெரியவில்லை’ சிலர் வாயில் ‘தெரியேல்ல’, சிலர் வாயில் ‘தெரியல்ல.’ படிப்பவர் ஒன்றைப் பேசினால் போதும், மற்றதைக் கேட்டால் திகைக்கக்கூடாது. இதை முதல் நாளே சொல்லாவிட்டால், கொப்பியில் உள்ள தமிழ் ஒன்று, சந்தையில் கேட்கும் தமிழ் இன்னொன்று என்று மனம் விட்டுவிடுவார்கள்.

2. கண்ணிலிருந்து தொடங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள். ‘தெரி’ முதலில் கண்ணுக்குரிய சொல். மண்டைக்குப் போவது பிறகு.

நான் ஆட்களைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். தெற்கே பார்த்தால் கோணேசர் மலை. ‘மலை தெரியுது.’ கிண்ணியாப் பாலம் அங்கிருந்து பார்க்க வராது. ‘பாலம் தெரியா.’ மழை இறங்கி மலையையும் மூடிவிட்டால், ‘மலையும் தெரியேல்ல.’ மூன்று வசனம், மூன்றும் கண்முன்னால். யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

பிறகு ஒருவரைக் குனிந்து இருக்கச் சொல்லி, மற்றவரிடம் கேளுங்கள்: ‘உங்களுக்கு மலை தெரியுதா?’ ‘எனக்குத் தெரியுது, அவருக்குத் தெரியேல்ல.’ ஆளுக்கு ‘கு’ தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. வசனத்தில் வேலை செய்வது மலை. அது எனக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை. ஆள் சும்மா இருக்கிறார்.

சிங்களத்தில் இதே இடத்தில் ‘மட்ட பேனவா’ என்பார்கள். ‘மட்ட’ என்றால் எனக்கு. அச்சு ஒன்றுதான். ஆகவே இந்த வாசலால் உள்ளே வந்தால் இலக்கணம் என்ற பேச்சையே எடுக்க வேண்டியதில்லை.

அரை மணித்தியாலம் இதிலேயே நில்லுங்கள். வெளிச்சவீடு, வள்ளம், கடைப் பெயர்ப்பலகை, எது கிடைத்தாலும். அவசரப்பட்டு அன்றைக்கே ‘அவர் பெயர் தெரியாது’க்குத் தாவினால், கண் வேறு, அறிவு வேறு என்று இரண்டு சொல்லாக எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.

3. கண்ணிலிருந்து மண்டைக்கு

அடுத்த வகுப்பில்தான் ‘எனக்கு அவரின்ர பெயர் தெரியாது.’ மலை கண்ணுக்குத் தெரியாததுபோல பெயர் மனதுக்குத் தெரியாது. கடற்கரைக்கு வந்தவர்களுக்கு இந்த ஒரு வரி விளக்கம் போதும்.

இங்கேதான் ‘நான் தெரியாது’ என்ற தவறு தலைகாட்டும். காரணம் எளிது. ‘பேனவா’வுக்கு ‘மட்ட’ போட்டவர்கள், அறிவதைச் சொல்லும் ‘தன்னவா’வுக்கு ‘மம’ போடுகிறார்கள், அதாவது ‘நான்.’ வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கோ எந்த வசனமும் ‘நான்’ என்றுதான் தொடங்கவேண்டும் என்ற நினைப்பு.

திருத்தும்போது விதி சொல்லாதீர்கள். ‘நான் தெரியாது’ என்று சொன்னதும் ஒரே ஒரு கேள்வி: ‘ஆருக்குத் தெரியாது?’ அவர்கள் ‘எனக்கு’ என்பார்கள். ‘அப்ப முழுசாச் சொல்லுங்கோ.’ நாலு தரம் கேட்டால் ஐந்தாம் தரம் வாய் தானே திருந்தும்.

இதே வகுப்பில் மூன்று விசயங்களைச் சேர்த்துப் பழக்குங்கள். ஆளுக்கு ஆள் ‘தெரியாது’ மாறாது: எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. ‘அவன் தெரியான்’ என்று புத்தகத்தைப் பார்த்து யாராவது எழுதிக்கொண்டு வந்தால் சிரிக்காமல் அடித்துவிடுங்கள். அறிமுகமில்லாத ஆளென்றால் அவருக்கு ‘ஐ’ வேண்டும்: ‘எனக்கு அவரைத் தெரியாது.’ விசயத்துக்கு வேண்டாம்: ‘எனக்கு அந்த விசயம் தெரியாது.’ ‘எனக்கு அவர் தெரியாது’ என்றால் தூணுக்குப் பின்னால் நிற்கும் ஆளைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும்.

மூன்றாவது கைப்பழக்கம். ‘எனக்கு நீந்தத் தெரியாது’ வேறு, ‘எனக்கு நீந்த ஏலாது’ வேறு. முதலாவது பழகாதவர், இரண்டாவது பழகியும் இன்றைக்கு முடியாதவர். சிங்களத்தில் இரண்டையும் ‘பே’ என்றே முடித்துவிடலாம் என்பதால் எல்லாவற்றுக்கும் ‘ஏலாது’ போடுவார்கள். கந்தோரில் ‘எனக்குத் தமிழ் எழுத ஏலாது’ என்று ஒரு எழுதுவினைஞர் சொல்ல, வந்த முதியவர் அவர் கையைப் பார்த்து ‘என்ன காயமோ தம்பி?’ என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி அந்தத் தம்பியே இப்போது புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

4. ‘தெரியாது’, ‘தெரியவில்லை’: இரண்டையும் பிரிப்பது

‘தெரியும்’ என்பதன் மறுப்பு ‘தெரியாது.’ ‘தெரிகிறது, தெரிந்தது’ இரண்டுக்கும் மறுப்பு ‘தெரியவில்லை.’ இந்த வாய்ப்பாட்டைக் கொடுத்தால் எழுதிக்கொள்வார்கள், பயன்படுத்த மாட்டார்கள். நான் மை போன போட்டோக் கொப்பியைக் கையில் கொடுப்பேன்.

‘இது மூன்றோ எட்டோ?’ உற்றுப் பார்ப்பார்கள், வெளிச்சத்தில் பிடிப்பார்கள். ‘தெரியேல்ல.’ சரி. ‘இதை எழுதினது ஆர்?’ பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ‘தெரியா.’ முயன்று பார்த்தும் பிடிபடாவிட்டால் ‘தெரியவில்லை.’ தகவலே கையில் இல்லாவிட்டால் ‘தெரியாது.’

இதில் மரியாதையும் கலந்திருக்கிறது. பஸ் நிலையத்தில் ‘மூதூர் பஸ் எப்ப?’ என்று கேட்பவரிடம் வெறுமனே ‘தெரியாது’ என்றால் பேச்சு முடிந்தது, அவர் நகர்ந்துவிடுவார். முகத்தைப் பொறுத்து ‘என்னை ஏன் கேக்கிறாய்’ என்றும் பொருள்படும். ‘சரியாத் தெரியேல்ல, அங்க கேட்டுப் பாருங்கோ’ என்றால் அவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். பொதுமக்கள் வரும் இடத்தில் வேலை செய்பவருக்கு இந்த இரண்டாவது வசனத்தை அப்படியே மனப்பாடம் செய்யக் கொடுங்கள். விதி பிறகு விளங்கட்டும்.

தவறு வரும் இடம் இறந்தகாலம். ‘நேற்று’ வந்துவிட்டால் ‘தெரியவில்லை’தான் என்று அடம்பிடிப்பார்கள். ‘நேற்றுவரைக்கும் எனக்குத் தெரியாது, இண்டைக்குத்தான் சொன்னவை’ என்பதுதான் நம் வாயில் வருவது. ‘தெரியாது’ ஒரு நிலையைச் சொல்கிறது, அது நேற்றையும் உள்ளடக்கும்.

கேள்வியை உள்ளே வைத்துச் சொல்லும்போது ‘ஓ’ அல்லது ‘என்று’ வேண்டும்: ‘எத்தனை மணிக்கு வருமோ தெரியா’, ‘எத்தனை மணிக்கு வரும் எண்டு தெரியா.’ இரண்டையும் விட்டுவிட்டு ‘எத்தனை மணிக்கு வரும் தெரியா’ என்பது மிகப் பொதுவான பிழை. பேச்சில் பொருள் விளங்கும் என்பதால் பலர் திருத்துவதில்லை. எழுத்தில் அது நொண்டும்.

5. ‘விளங்கவில்லை’யைப் பிரித்து வையுங்கள்

இதை நாலாம் படிக்கு முன் சொல்லிக்கொடுத்தால் குழம்பும். காரணம் ஒரு பொல்லாத ஒலி ஒற்றுமை. சிங்களத்தில் ‘தேரெனவா’ என்றால் விளங்குவது. ‘மட்ட தேருணே நே’ என்றால் எனக்கு விளங்கவில்லை. காதுக்கு நம் ‘தெரி’ போலவே இருக்கிறது. ஆகவே நீங்கள் நீளமாக எதையோ சொல்லி முடித்ததும், விளங்காதவர் ‘தெரியாது’ என்பார். நீங்களோ அவருக்கு அந்த விசயம் தெரியாதென்று நினைத்து முதலிலிருந்து மறுபடி சொல்வீர்கள், அதே வேகத்தில். அவருக்கு வேண்டியது மெதுவாகச் சொல்வது மட்டும்.

பிரிக்க ஒரு வழி: வேகமாக ஒரு வசனம் சொல்லுங்கள். காதில் விழுந்தது, பிடிபடவில்லை: ‘விளங்கேல்ல.’ மெதுவாகச் சொல்லுங்கள், ‘கன்னியாவில எத்தனை வெந்நீர்க் கிணறு?’ கேள்வி விளங்கிவிட்டது, விடை கையில் இல்லை: ‘தெரியா.’ (ஏழு.) ‘கேள்வி விளங்குது, விடை தெரியா’ என்று ஒரே மூச்சில் சொல்ல வைத்தால் இந்தப் படி முடிந்தது.

‘புரியவில்லை’ கேட்பார்கள், இந்தியப் படங்களில் அதுதானே வருகிறது. பொருள் ஒன்றுதான், நம் பக்கத்தில் ‘விளங்கு’ முந்தும் என்று சொல்லி விடுங்கள். எழுத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை: ‘புரி’க்குச் ‘செய்’ என்றும் பொருள் உண்டு. ‘அவருக்குப் பணி புரிந்தது’, ‘அவர் பணி புரிந்தார்’ இரண்டும் வேறு வேறு. இன்னொன்று, ‘விளங்காதவன்’ என்பது தமிழ்நாட்டில் உருப்படாதவன் என்ற ஏச்சு. ‘விளங்கவில்லை’ என்ற வடிவத்தோடு நின்றுகொள்வது பாதுகாப்பு.

6. கண்ணுக்குத் திரும்புங்கள்

மண்டைக்குப் போனபின் கண்ணை மறந்துவிடுவார்கள். அதனால் ஒரு வகுப்பை இதற்கென்று ஒதுக்குங்கள், முக்கியமாகத் தாதிமாருக்கு.

என்னிடம் படித்த ஒருவர் வார்ட்டில் நடந்ததைச் சொன்னார். வயதான அம்மா ஒருவர், ‘ராவில கண் தெரியா மகள்’ என்றிருக்கிறார். ‘தெரியா’ காதில் விழுந்ததும், கேட்ட கேள்விக்கு விடை தெரியாதென்கிறார் என்று எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மகன் வந்துதான் விசயம் வெளியே வந்தது. நல்ல வேளை, அன்றைக்கே.

ஆகவே இந்த நாலையும் சேர்த்துக் கொடுங்கள்: ‘கண் தெரியா’, ‘கண் மங்கலாத் தெரியுது’, ‘தூரத்தில இருக்கிறது தெரியேல்ல’, ‘எழுத்துத் தெரியேல்ல.’ கடைசி வசனம் கொஞ்சம் வில்லங்கம். ‘எழுத்துத் தெரியேல்ல’ என்றால் பார்வைக் குறை, ‘எழுத்துத் தெரியா’ என்றால் எழுத வாசிக்கத் தெரியாது. நாலாம் படி ஒழுங்காகப் போயிருந்தால் இதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

7. தெளிவில்லாதவற்றுக்கான சொற்கள்

அகராதியைப் பார்த்தவர்கள் எல்லாவற்றுக்கும் ‘தெளிவற்ற’ போடுவார்கள். ‘இன்றைக்கு வானம் தெளிவற்றது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வானம் மப்பும் மந்தாரமுமாக இருக்கலாம், மூட்டமாக இருக்கலாம். தெளிவற்று இருக்காது.

‘தெளிவு’ தண்ணீரிலிருந்து வந்தால்தான் மனதில் நிற்கும். மார்கழி மழைக்குக் கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழும் இடம் கலங்கல். ஒரு சிரட்டையில் அந்தத் தண்ணீரை அள்ளி வைத்தால் மண் அடியில் படியும், மேலே தெளியும். கதை கலங்கலாக இருந்தால் தெளிவில்லை, பொறுத்திருந்து கேட்டால் தெளியும். ‘தெளிவில்லை’ என்பதைப் பேச்சுக்கும் எழுத்துக்கும் தண்ணீருக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம், படம், எழுத்து மங்கும். ‘கொப்பி மங்கல்.’ இதை எழுதும்போது ஒரு ‘அம்’ கூடினால் ‘மங்கலம்’ ஆகிவிடும், கலியாண வீட்டுச் சொல். அப்படி ஒரு கடிதம் போயிருக்கிறது: ‘தாங்கள் அனுப்பிய பிரதி மங்கலமாக உள்ளது.’ வாசித்தவர் மகிழ்ந்திருப்பார்.

தேவையானதை விட்டுவிட்டுச் சொன்னால் ‘மொட்டையாகச் சொல்கிறார்.’ வேண்டுமென்றே மறைத்துச் சொன்னால் ‘பூடகமாக.’ இந்த இரண்டும் மூன்றாம் மாதத்துக்கு.

8. தெரியாத ஆட்கள்

இந்தப் படியை நிதானமாக எடுங்கள். நம் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் ‘இனந்தெரியாத நபர்கள்’ இங்கே வருகிறது. படிப்பவர் அதை உடைத்துப் பார்ப்பார்: இனம், தெரியாத. உடனே ‘சிங்களவரா, தமிழரா, முஸ்லிமா என்று தெரியாதவர்’ என்று எழுதிக்கொள்வார். திருமலையில் அப்படி எடுத்துக்கொள்வதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நம் பிள்ளைகளே அப்படி நினைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

இங்கே ‘இனம்’ என்றால் இன்னார், இன்னது என்ற அடையாளம். ‘இனங்காணுதல்’ என்பதும் இதே ‘இனம்’தான்: நோயை இனங்காணலாம், பிழையை இனங்காணலாம். முதலில் ‘இனங்காண்’ சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்து ‘இனந்தெரியாத’ என்று போனால் பிழை வராது. ஒழுங்கு மாறினால் திருத்துவது கடினம், ஏனென்றால் தவறான பொருளும் வசனத்தில் பொருந்திப்போகும்.

முறைப்பாடு எழுத உதவுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். ஆளைப் பார்த்தார், யாரென்று தெரியாது என்றால் ‘முன்பின் தெரியாத ஒருவர்.’ பார்த்து, திரும்பக் கண்டால் அடையாளம் சொல்லக்கூடியவரை ‘இனந்தெரியாதவர்’ என்று எழுதினால் அந்தச் சாட்சியத்தின் ஒரு பகுதியை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். சொல்பவரிடம் ‘திரும்பக் கண்டால் தெரியுமா?’ என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பெயர் போடாமல் வருவது மொட்டைக் கடிதம். தொலைபேசியில் வந்தால் செய்தித்தாளில் ‘அநாமதேய அழைப்பு.’

பக்கத்திலேயே இன்னொரு சொல் நிற்கிறது: காணாமல் போனவர், காணாமல் ஆக்கப்பட்டவர். இரண்டுக்கும் நடுவே உள்ள ‘ஆக்கு’ யாரோ செய்ததென்று சொல்கிறது. சொல்பவர் எதைச் சொன்னாரோ அதையே எழுதச் சொல்லுங்கள். வகுப்பில் இதற்குமேல் பயிற்சி வேண்டாம்.

9. ‘தெரியாமல்’

‘தெரியாமல் செய்துட்டன்’ என்றால் வேண்டுமென்று செய்யவில்லை. ‘எனக்குத் தெரியாமல் செய்துட்டார்’ என்றால் என்னிடம் மறைத்துச் செய்தார். முன்னால் ஒரு ‘எனக்கு’ வந்ததும் மன்னிப்புக் கேட்பது குற்றச்சாட்டாக மாறுகிறது. மூன்றாம் படி பதிந்தவருக்கு இது ஐந்து நிமிட வேலை.

10. எழுத்துக்கும் படிவத்துக்கும்

இவ்வளவு நாளும் ‘நான்’ போட ஏங்கியவர்களுக்கு இங்கேதான் வழி. ‘அறி’ என்பதற்கு ‘நான்’ வேண்டும்: ‘நான் அறியேன்’, ‘நான் அறிந்தவரையில்.’ சத்தியக்கடதாசியிலும் (சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலம்) உத்தியோகக் கடிதத்திலும் இது வரும். வாயால் சொன்னால் நாடகம்போல் இருக்கும். முதல் வகுப்பிலேயே இதைக் கொடுத்தால் ‘நான் தெரியாது’ ஒருநாளும் போகாது.

படிவத்தில் விடை இல்லாத கட்டத்தில் கோடு இழுக்காதீர்கள். தாத்தா பிறந்த திகதி ஞாபகமில்லை என்றால் ‘தெரியாது.’ கலியாணம் ஆகாதவரிடம் துணையின் பெயர் கேட்டிருந்தால் ‘ஏற்புடையதல்ல.’ கோட்டைப் பார்ப்பவர் இரண்டில் எது என்று இனங்காண முடியாமல் உங்களைத் திரும்ப அழைப்பார்.

11. வெளியே அனுப்பிப் பாருங்கள்

பத்துப் படியும் முடிந்ததும் ஒரு சோதனை வைப்பேன். விடை தெரிய வாய்ப்பே இல்லாத ஒரு கேள்வியோடு சந்தைப் பக்கம் போகச் சொல்வேன்: ‘வாற கிழமை மீன் விலை குறையுமா?’ பத்துப் பேரிடம் கேட்டு, வந்த விடையைக் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டு வரவேண்டும்.

கடைசியாகப் போனவர் வங்கியில் வேலை செய்யும் பெண். ‘தெரியா’ மூன்று, ‘தெரியேல்ல பிள்ளை’ ஒன்று, ‘ஆருக்குத் தெரியும்!’ இரண்டு, ‘கடவுளுக்குத்தான் வெளிச்சம்’ ஒன்று, ‘நான் என்னத்தைக் கண்டன்’ ஒன்று, ‘ஆர் கண்டது!’ ஒன்று. ஒருவர் பேசாமல் கையை மட்டும் விரித்திருக்கிறார்.

கொப்பியை என் முன்னால் வைத்துவிட்டு, கடைசி மூன்று வசனத்தின் கீழும் கோடு இழுத்துக் காட்டினார். ‘வெளிச்சம், கண்டன், கண்டது. மீன் விலையைக் கேட்டால் ஏன் எல்லாரும் கண்ணைப் பற்றியே சொல்லுகினம்?’